ஆங்கில வினாத்தொடர்களில் எழுவாய் – வினை இயைபு: ஸ்பானியத் தாய்மொழியினரின் கற்றலில் இயைபின் இருப்பிடம்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கில வினாத்தொடர்களை அமைக்கும்போது எழுவாய்க்கும் வினைக்கும் உரிய இயைபில் பிழைபடுவது மொழி கற்பித்தல் துறையில் நன்கறியப்பட்ட ஒன்று. ஸ்பானியத்தில் ஆங்கிலத் துணைவினை ‘டூ’வுக்கு நிகரான சொல் இல்லாமையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இவ்விளக்கம் ஒருபகுதியே பொருந்தும் என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது. கற்போர் இயைபை அறியாமையால் பிழைபடுவதில்லை. வினாவில் இயைபு எச்சொல்லில் நிற்க வேண்டும் என்பதிலேயே தடுமாறுகின்றனர். இக்கருத்தின் அடிப்படையில் பிழைகள் நான்கு வகைகளாகப் பகுக்கப்படுகின்றன. தமிழ் இலக்கண மரபின் வினா, இயைபு குறித்த கருத்தாக்கங்கள் இப்பகுப்பிற்குத் துணையாகின்றன.

திறவுச்சொற்கள்: இயைபு, வினாத்தொடர், துணைவினை, ஸ்பானியம், இடைமொழி, உறழ்மொழியியல்

1. முன்னுரை

எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடம் ஆகியவற்றால் ஒத்து நிற்பது இயைபு எனப்படும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் திணை, பால் பகுப்பையும் அவற்றை உணர்த்தும் வினையீறுகளையும் கூறித் தொடங்குகிறது. வினாவும் செப்பும் வழுவாது அமைதல் வேண்டும் என்பதும் அவ்வியலிலேயே இடம்பெறுகிறது. இயைபும் வினாவும் இவ்வாறு ஓரியலில் அடுத்தடுத்துப் பேசப்பட்டாலும், ஒரு தொடர் வினாவாக மாறும்போது அதன் இயைபு ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்குப் பெயரும் நிலை தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் அந்நிலை உண்டு. அம்மொழியைக் கற்கும் பிறமொழியினர் இடர்ப்படும் இடங்களுள் இது முதன்மையானது.

ஸ்பானிய மொழியினரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பானியத்தில் நிகழ்கால வினை ஒவ்வொன்றும் இடத்திற்கும் எண்ணிற்கும் ஏற்ப ஆறு வடிவங்களைப் பெறும். ஆங்கிலத்திலோ ‘பீ’ என்னும் வினையை நீக்கினால், படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் வரும் ‘ஸ்’ ஈறு ஒன்றே எஞ்சும். ஆறு வேறுபாடுகளைப் பிழையின்றிக் கையாள்பவர் ஒரே ஒரு வேறுபாட்டில் ஏன் தவறுகிறார் என்பதே இக்கட்டுரையின் வினா.

இக்கட்டுரையில் ஆங்கில, ஸ்பானியத் தொடர்கள் அவற்றின் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. உடுக்குறி இட்ட தொடர்கள் வழுத்தொடர்கள். அவை பிழையின் அமைப்பை விளக்கும் பொருட்டு அமைக்கப்பட்டவை.

2. மூன்று மொழிகளில் வினாவாக்கம்

‘மரியா ஆங்கிலம் பேசுகிறாள்’ என்னும் செய்தித்தொடரைக் கொள்வோம். அதன் வினா வடிவம் மூன்று மொழிகளிலும் பின்வருமாறு அமையும்.

(1) தமிழ்: மரியா ஆங்கிலம் பேசுகிறாளா?
(2) ஸ்பானியம்: ஆப்லா மரீயா இங்கிளேஸ்?
(3) ஆங்கிலம்: டஸ் மரியா ஸ்பீக் இங்கிலீஷ்?

தமிழில் ‘ஆள்’ என்னும் பெண்பால் ஈறு வினையிலேயே நிற்கிறது. அதன்பின் ‘ஆ’ என்னும் வினா இடைச்சொல் சேர்கிறது. தொல்காப்பிய நூன்மரபு ஆ, ஏ, ஓ மூன்றையும் வினாவாகச் சுட்டும். நன்னூல் அவற்றுள் ஆ, ஓ இரண்டும் சொல்லின் ஈற்றில் வரும் என வரையறுக்கும். இவ்விடைச்சொல் திணை, பால் எதையும் ஏற்பதில்லை. ‘மரியாவா ஆங்கிலம் பேசுகிறாள்?’ என வினாவின் அழுத்தம் எழுவாய்க்கு மாறினாலும் ‘ஆள்’ ஈறு வினையை விட்டு நீங்குவதில்லை. வினாப்பொருள் ஓரிடத்திலும் இயைபு ஓரிடத்திலும் தனித்தனியே இருத்தல் தமிழின் இயல்பு.

ஸ்பானியத்தில் வினா இடைச்சொல் இல்லை. ஏறும் இசையாலோ எழுவாய்க்கு முன் வினையை வைப்பதாலோ வினா உணர்த்தப்படும். எழுத்தில் தொடரின் இரு முனைகளிலும் வினாக்குறி இடப்படும். ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, அப்லாமோஸ், அப்லாயிஸ், ஆப்லான்’ என்னும் ஆறு வடிவங்களுள் ‘ஆப்லா’ என்பது படர்க்கை ஒருமை. செய்தியாயினும் வினாவாயினும் இவ்வடிவம் மாறாது. வினையீறே எழுவாயைக் காட்டிவிடுவதால் எழுவாய் தோன்றாது நிற்றலும் இயல்பு. இவ்விரு பண்புகளிலும் ஸ்பானியம் தமிழோடு ஒத்திருக்கிறது.

ஆங்கிலம் இவ்விரண்டிலிருந்தும் விலகுகிறது. செய்தித்தொடரில் ‘ஸ்பீக்ஸ்’ என்னும் முதன்மை வினையில் நின்ற ‘ஸ்’ ஈறு, வினாவில் அதைவிட்டு நீங்கித் துணைவினையைச் சேர்கிறது. ‘டூ’ என்பது ‘டஸ்’ ஆகிறது. முதன்மை வினை ஈறற்ற வடிவில் நிற்கிறது. கால இடைநிலையும் இவ்வாறே துணைவினைக்குப் பெயர்ந்து ‘டிட்’ என வரும். ஆகவே ‘டஸ்’ என்னும் ஒரு சொல் வினா, காலம், இடம், எண் ஆகிய நான்கையும் ஒருங்கே சுமக்கிறது. தமிழில் பிரிந்தும் ஸ்பானியத்தில் முதன்மை வினையிலும் நிற்கும் பண்புகள் இங்கே தனக்கெனப் பொருளற்ற ஒரு துணைச்சொல்லில் குவிகின்றன.

இவ்வமைப்பு ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு வந்ததன்று. முற்கால ஆங்கிலத்தில் முதன்மை வினையே எழுவாய்க்கு முன் சென்று வினாவாயிற்று. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ‘டூ’வின் ஆட்சி வளர்ந்து பின்னர் நிலைபெற்றது. ஆல்வர் எல்லகோர்டு 1953இல் வெளியிட்ட நூல் இவ்வளர்ச்சியை விரிவான தரவுகளோடு ஆராய்ந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இருவகை வினாக்களும் வழங்கின. ஆகவே ‘*ஸ்பீக்ஸ் மரியா இங்கிலீஷ்?’ என்னும் தொடர் இன்றைய ஆங்கிலத்தில் வழுவேயாயினும் ஆங்கிலத்திற்கு முற்றிலும் அயலான அமைப்பன்று. காலவகையால் நேரும் மாற்றத்தை வழுவாகக் கொள்ளாத நன்னூலாரின் நோக்கு இங்கு நினைக்கத்தக்கது.

3. பிழைகளின் வகைப்பாடு

இயைபு எங்கே நிற்கிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால், கற்போரின் பிழைகளை நான்கு வகைகளாகப் பகுக்கலாம்.

3.1 இயைபு பெயராமை

(4) மரியா ஸ்பீக்ஸ் இங்கிலீஷ்?
(5) *டூ மரியா ஸ்பீக்ஸ் இங்கிலீஷ்?

தொடர் (4)இல் துணைவினை இல்லை. ஏறும் இசை மட்டுமே வினாவை உணர்த்துகிறது. வியப்பையோ உறுதிப்படுத்தலையோ கருதி ஆங்கிலத்தார் இவ்வாறு வினவுவதுண்டு. இயல்பான வினாவாக எங்கும் இதையே வழங்கும்போதுதான் குறை தோன்றுகிறது. தொடர் (5) மேலும் நுணுகி நோக்கத்தக்கது. இதை அமைத்தவர் ‘டூ’வைத் தொடரின் முதலில் வைக்கக் கற்றுள்ளார், ‘ஸ்’ ஈற்றையும் படர்க்கை ஒருமைக்கு உரியதாக அறிந்துள்ளார். ஆயினும் ‘டூ’வை அவர் வினையாகக் கொள்ளவில்லை, தமிழின் ‘ஆ’வைப் போலத் தனி வினா இடைச்சொல்லாகக் கொள்கிறார். இயைபோ தாய்மொழியில் உள்ளவாறே முதன்மை வினையில் நிற்கிறது. இத்தொடரை இயைபறியாமை எனக் கொள்வது பொருந்தாது. இயைபு இங்கே முறையாகவே உள்ளது. அதன் இருப்பிடமே வேறு.

3.2 இயைபு இரட்டித்தல்

(6) *டஸ் மரியா ஸ்பீக்ஸ் இங்கிலீஷ்?
(7) *டிட் மரியா ஸ்போக் இங்கிலீஷ்?

இங்கே துணைவினை உரிய வடிவம் பெற்றுள்ளது. முதன்மை வினை தன் ஈற்றை விடவில்லை. தொடர் (7)இல் காலமும் இவ்வாறே இருமுறை குறிக்கப்படுகிறது. இவ்விரட்டிப்பு அயல்மொழியினர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெறும் குழந்தைகளின் பேச்சிலும் இது பதிவாகியுள்ளது. தொடர் (5)இலிருந்து (6)க்கு வருதல் பின்னடைவாகாது. ‘டூ’வும் ஒரு வினையே என்பதைக் கற்பவர் உணர்ந்ததன் அடையாளம் அது.

3.3 இயைபு இழத்தல்

(8) *டூ மரியா ஸ்பீக் இங்கிலீஷ்?

இத்தொடரில் இயைபு எவ்விடத்தும் இல்லை. இதனை ஒலிப்பு இடர்ப்பாடாக விளக்குவது உண்டு. ஸ்பானியச் சொற்களின் ஈற்றில் மெய்ம்மயக்கம் அரிது. ஆதலின் ‘ஸ்பீக்ஸ்’ போன்றவற்றின் ஈற்றொலி நழுவும் என்பர். செய்தித்தொடர்களுக்கு இவ்விளக்கம் ஓரளவு ஏற்புடையது. வினாத்தொடருக்கு அது போதாது. ‘டஸ்’ என்பதன் ஈற்றில் மெய்ம்மயக்கம் இல்லை. ‘டூ’வுக்கும் ‘டஸ்’ஸுக்கும் உயிரொலியே வேறுபடுகிறது. அசையீற்றுச் சகர ஒலியை நலிந்தோ விடுத்தோ ஒலிக்கும் கரீபிய, அந்தலூசிய ஸ்பானியத்தாரின் நாவிலும் இவ்வுயிர் வேறுபாடு எஞ்சும். எனவே ‘டூ மரியா’ என்பதை ஒலி நழுவியதாகக் கருத இயலாது. இலக்கண நிலையிலேயே அதற்குக் காரணம் காண வேண்டும்.

3.4 எண், இட மயக்கம்

துணைவினையின் இடமும் வடிவமும் உரியவாறு அமைந்தும், எழுவாயின் எண்ணையோ இடத்தையோ தாய்மொழி வழியில் கொள்வதால் நேரும் பிழை இவ்வகை. இது ஐந்தாம் பகுதியில் விளக்கப்படும்.

4. தாய்மொழித் தாக்கமும் கற்றல் படிநிலையும்

இராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூல் உறழ்மொழியியலுக்கு அடித்தளமிட்டது. தாய்மொழியோடு ஒத்த கூறுகள் எளிதாகவும் வேறுபட்டவை அரிதாகவும் அமையும் என்பது அவர் கொள்கை. ஸ்பானியக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலம் கற்பித்தலில் ஈடுபட்ட அவருக்கு ஸ்பானிய–ஆங்கில ஒப்பீடு இயல்பான களமாயிற்று. இக்கொள்கைப்படி தொடர் (4), (5) இரண்டும் எளிதில் விளங்கும். தொடர் (8) விளங்காது. இயைபின்றித் தொடர் அமைக்கும் வழக்கம் ஸ்பானியத்தில் இல்லை.

பிட் கார்டர் 1967இல், பிழை என்பது கற்பவரின் உள்ளத்தில் உருவாகும் மொழியமைப்பிற்குச் சான்று என்னும் கருத்தை முன்வைத்தார். லாரி செலிங்கர் 1972இல் அவ்வமைப்பிற்கு இடைமொழி எனப் பெயரிட்டார். ஹைடி டுலே, மரீனா பர்ட் ஆகியோர் 1974இல் ஸ்பானிய, சீனச் சிறார் ஆங்கில உருபன்களைப் பெறும் வரிசையை ஒப்பிட்டு, இரண்டும் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டினர். படர்க்கை ஒருமை ‘ஸ்’ இரு குழுவினரிடமும் பிந்தி வருவனவற்றுள் ஒன்று. சீனத்தில் வினை இயைபே இல்லை. ஸ்பானியத்திலோ அது செறிந்துள்ளது. ஆயினும் இருவரும் இவ்வீற்றைப் பிந்தியே கைக்கொண்டனர். தாய்மொழிக்கு எவ்விடத்தும் பங்கில்லை என்பது இதனால் பெறப்படாது. வேறு சில உருபன்களில் தாய்மொழிக்கேற்ப வரிசை மாறுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், இயைபு வளம் மிக்க தாய்மொழி இவ்வீற்றைப் பொறுத்தவரை தனிச் சலுகை தருவதில்லை என்பது தெளிவு.

கோர்ட்னி கேஸ்டன் முதலியோர் 1975இல் ஸ்பானிய மொழியினர் அறுவரின் வினா வளர்ச்சியைத் தொடர்ந்து நோக்கினர். வினைமுன்வைப்பின்றி வினவுதல், இடையிடையே முன்வைத்தல், எல்லா இடத்தும் முன்வைத்தல், நேர்வினாவையும் அயல்வினாவையும் வேறுபடுத்தல் என அவ்வளர்ச்சி அமைந்தது. அறுவருள் ஆல்பர்ட்டோ என்னும் புனைபெயரால் குறிக்கப்பட்ட கோஸ்டாரிக்கர் முதல் நிலையைக் கடக்கவில்லை. அவரைப் பற்றிய ஜான் ஷூமனின் 1978ஆம் ஆண்டு நூல், சமூக, உளவியல் தொலைவைக் காரணமாகக் காட்டியது.

மான்ஃப்ரெட் பீனமன் 1998இல் வகுத்த செயலாக்கக் கோட்பாடு நம் வகைப்பாட்டிற்கு அண்மையது. அதன்படி ‘டூ’வைத் தொடரின் முதலில் சேர்த்தல் மூன்றாம் படிநிலை, படர்க்கை ஒருமை ‘ஸ்’ ஐந்தாம் படிநிலை. எழுவாய்த் தொடரிலிருந்து இடம், எண் குறித்த செய்தி தொடரெல்லையைக் கடந்து வினையைச் சேர வேண்டியிருத்தலே தாழ்ப்பிற்குக் காரணம். இரு படிநிலைகளுக்கும் இடைப்பட்டவர் ‘டூ’வை இடைச்சொல்லாகவே வழங்குவார். ‘*டூ மரியா ஸ்பீக்’ என்பது இவ்வாறு படிநிலையால் விளங்குகிறது; ‘*டூ மரியா ஸ்பீக்ஸ்’ என்பது படிநிலையும் தாய்மொழியும் கூடியதால் விளங்குகிறது. ஓர் ஈற்றின் வரவு, கற்பவர் நிற்கும் நிலையை வேறுபடுத்திக் காட்டும் திறம் இதனால் புலனாகும்.

5. எண், இட மயக்கத்தின் களங்கள்

முதலாவது, மரியாதைச் சொல். ஸ்பானியத்தில் ‘உஸ்தேத்’ என்பது மரியாதை முன்னிலை. ‘தங்கள் அருள்’ என்னும் பொருளுடைய ‘புவெஸ்த்ரா மெர்சேத்’ என்னும் தொடர் மருவியே இச்சொல் தோன்றியது. ஆதலின் அது படர்க்கை ஒருமை வினையையே கொள்ளும். ‘ஆப்லா மரீயா?’ என்பதிலும் ‘ஆப்லா உஸ்தேத்?’ என்பதிலும் வினை ஒன்றே. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘டஸ்’, பின்னதற்கு ‘டூ’. ‘*டஸ் யூ ஸ்பீக்?’ என்னும் பிழைக்கு இங்கே வாயில் உள்ளது. தமிழும் உயர்வு குறித்து இயைபை மாற்றும். ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கைத் தொல்காப்பியமும் குறிக்கிறது. தமிழ் எண்ணை மாற்றி உயர்வு காட்ட, ஸ்பானியம் இடத்தை மாற்றிக் காட்டுகிறது.

இரண்டாவது, தொகுதிப்பெயர்கள். மக்களைக் குறிக்கும் ‘ஹெந்தே’, காவல்துறையைக் குறிக்கும் ‘பொலிசீயா’ இரண்டும் ஸ்பானியத்தில் ஒருமை வினை கொள்ளும். அவற்றிற்கு நேரான ஆங்கிலப் ‘பீப்பிள்’, ‘போலீஸ்’ இரண்டும் பன்மை கொள்ளும். செய்தி என்னும் பொருளில் ‘நொத்தீசியாஸ்’ பன்மை. ஆங்கில ‘நியூஸ்’ ஒருமை. ‘*இஸ் தி பீப்பிள் ஹாப்பி?’, ‘*ஆர் தி நியூஸ் குட்?’ என்பன இவற்றால் விளைவன. இப்பிழையினர் வினாவாக்க நெறியை முழுதும் கற்றவர். சொல்லகராதியில் மட்டுமே திருத்தம் வேண்டுபவர்.

மூன்றாவது, இருத்தல் வினை. ஸ்பானிய ‘ஆய்’ ஒரு நூல் உள்ளது என்பதற்கும் இரு நூல்கள் உள்ளன என்பதற்கும் வடிவு மாறாது. ஆங்கிலத்தில் ‘இஸ் தேர்’, ‘ஆர் தேர்’ என எண்ணுக்கேற்ப மாற வேண்டும். ‘*இஸ் தேர் டூ புக்ஸ்?’ என்பதன் தோற்றுவாய் இதுவே. ஆங்கிலத்தாரும் பேச்சு வழக்கில் செய்தித்தொடரில் ஒருமையைப் பன்மைக்கு வழங்குவதால், கற்பவரின் செவியில் படுவதும் பிழைக்குத் துணைசெய்கிறது.

நான்காவது, தோன்றா எழுவாய். ‘*இஸ் இம்பார்ட்டன்ட்?’ என எழுவாயின்றி வினவுதல் ஸ்பானிய நெறி. ‘முக்கியமா?’ எனத் தமிழிலும் வினவலாம். ஆங்கிலத்தில் பொருளற்ற ‘இட்’டேனும் எழுவாயாக நிற்றல் கட்டாயம். இயைபுறுவதற்குரிய சொல்லே இல்லாதபோது இயைபு நெறியைக் கற்பிக்க இயலாது.

6. எழுவாய் வினாவும் பிற வினாவும்

(9) ஹூ ஹெல்ப்ஸ் மரியா? – யார் மரியாவுக்கு உதவுகிறார்?
(10) ஹூ டஸ் மரியா ஹெல்ப்? – மரியா யாருக்கு உதவுகிறாள்?

வினாச்சொல்லே எழுவாயாக நிற்கும் (9)இல் துணைவினை வருவதில்லை. ‘ஸ்’ முதன்மை வினையிலேயே தங்குகிறது. (10)இல் துணைவினை வந்து இயைபு பெயர்கிறது. தமிழ் இவ்வேறுபாட்டை ‘யார்’, ‘யாருக்கு’ என வேற்றுமையால் காட்டும். ஸ்பானியமும் ‘கியேன்’, ‘ஆ கியேன்’ என முன்னிடைச்சொல்லால் காட்டும். இன்றைய ஆங்கிலப் பேச்சில் ‘ஹூ’ வடிவு மாறாமையால், துணைவினையின் வரவும் வராமையுமே பொருளை வேறுபடுத்துகின்றன. ஆகவே இங்கு இயைபின் இருப்பிடம் பொருண்மை தொடர்பானதாகிறது. அதில் தவறினால் உதவுபவரும் உதவி பெறுபவரும் மாறிவிடுவர்.

எண்ணிலும் வேறுபாடு உண்டு. ‘யார்’ என்பது உயர்திணை முப்பாற்கும் பொதுவெனத் தொல்காப்பிய வினையியல் கூறும். ஆங்கில ‘ஹூ’வும் எண் காட்டாப் பொதுச்சொல்லே. ஆயின் அது எழுவாயாகும்போது, விடையில் பலர் வரினும் வினை பெரும்பாலும் ஒருமை ஏற்கும்: ‘ஹூ லிவ்ஸ் ஹியர்?’ ஸ்பானியத்தில் ‘கியேன்’ ஒருமை, ‘கியேனெஸ்’ பன்மை. பலரை எண்ணி வினவும் ஸ்பானியர் ‘*ஹூ லிவ் ஹியர்?’ எனக் கூறுவது இதனால் எதிர்பார்க்கத்தக்கது.

அயல்வினாவில் நிலை தலைகீழாகிறது. ‘மரியா எங்கே வாழ்கிறாள் என அறியேன்’ என்பதில் ஆங்கிலம் துணைவினையை நீக்கி இயைபை மீண்டும் முதன்மை வினைக்குத் தரும். அரிதின் ‘டஸ்’ஸைக் கற்றவர் இங்கும் அதை வழங்கி, ‘*ஐ டோன்ட் நோ வேர் டஸ் மரியா லிவ்’ என்பார். பீனமன் இதனை இறுதிப் படிநிலையில் வைப்பது இக்காரணத்தால் பொருத்தமே.

7. கற்பித்தலுக்கான பயன்

மேற்கண்ட பகுப்பு நடைமுறையில் வேறுபட்ட திருத்தங்களை வேண்டுகிறது. நால்வகைப் பிழைக்கும் ‘எழுவாய்க்கேற்ப வினையை மாற்றுக’ என்னும் ஒரே அறிவுரையைத் தரும்போது, ‘*டஸ் மரியா ஸ்பீக்ஸ்’ என்றவர் குழப்பமடைவார். அவர் இருமுறை மாற்றியவர். அவருக்கு வேண்டியது, ஒரு வினாவில் ‘ஸ்’ ஓரிடத்தில் மட்டுமே நிற்கும் என்னும் நெறி. ‘*டூ மரியா ஸ்பீக்ஸ்’ என்றவருக்கு, ‘டூ’ இடைச்சொல் அன்று, வினையே என்பது உணர்த்தப்பட வேண்டும். ‘*டூ மரியா ஸ்பீக்’ என்றவர் மேலும் கேட்டும் பயின்றும் அடுத்த படிநிலையை எய்த வேண்டியவர். ‘*இஸ் தி பீப்பிள்’ என்றவருக்குச் சொல்லின் எண்ணைச் சுட்டினால் போதும்.

பயிற்சி வரிசையில் ‘பீ’ வினாக்களை முதலில் வைப்பது தக்கது. அங்கே வினையே இயைபோடு முன்செல்வதால் ஸ்பானிய அமைப்போடு ஒற்றுமை மிகுதி. ‘டூ’வையும் ‘டஸ்’ஸையும் தொடக்கத்திலிருந்தே இணையாகத் தருவது, ‘டூ’வை மாறாச் சொல்லாகக் கொள்ளும் வாய்ப்பைக் குறைக்கும். எழுவாய் வினாவையும் அயல்வினாவையும் இவை நிலைபெற்ற பின்னரே தருதல் வேண்டும்.

8. முடிவுரை

ஸ்பானிய மொழியினர் ஆங்கில வினாவில் காட்டும் பிழைகள் இயைபறியாமையால் விளைவன அல்ல; செறிந்த இயைபறிவு பழகிய இடத்தை விட்டுப் பெயராமையும், துணைவினை இடைச்சொல்லாகக் கொள்ளப்படுதலும், எழுவாயின் எண்ணும் இடமும் இரு மொழிகளில் வேறுபடுதலும் அவற்றின் காரணங்கள். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் தாய்மொழி வழிப்பட்டவை. இரண்டாவது பல மொழியினர்க்கும் பொதுவான படிநிலை.

வினா இடைச்சொல்லையும் இயைபீற்றையும் தனித்தனி உறுப்புகளாகக் காணப் பழகிய தமிழ் இலக்கண மரபு, ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரு சொல்லில் பிணைத்திருப்பதை எளிதில் புலப்படுத்துகிறது. பிறமொழிக் கற்றல் சிக்கல்களை ஆராய்வதற்கும் நம் இலக்கணக் கருத்தாக்கங்கள் கருவியாகும் என்பதற்கு இது ஒரு சான்று. வினா இடைச்சொல் உடைய தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரிடம் ‘*டூ மரியா ஸ்பீக்ஸ்’ வகை எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைக் களத்தரவுகளோடு ஒப்பிடுவது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையலாம்.